கண்ணாடிக் கதவில் ஒட்டிய தாள்

3 பிப்ரவரி

வாலுக்கு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு எட்டு மாதம் ஆகிறது. பாசம் பொங்கி எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வேலை இருக்கிறது, எழுதுகிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ டக்கென்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. வைத்தாலும் மேஜை மேல்தான் கிடக்கும், மறுநாள் எடுத்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியாதா?

குழந்தைகளுக்கான வலிப்பு சிரப் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு நேற்று தகவல் வந்தது. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஆறு வாரம் தொழிற்சாலையை மூடிப் பழுது பார்க்கப் போகிறார்களாம். கடைகளில் இருக்கும் சரக்கு ஏப்ரல் நடுவில் தீர ஆரம்பிக்கும். போன ஜூனில் பத்து நாள் தட்டுப்பாட்டுக்கே என்ன ஆனது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அன்றைக்கு நீ காது கொடுத்துக் கேட்கவில்லை.

எந்த மருந்து எந்தக் கடையில் இருக்கிறது என்று காட்டும் வெப்சைட்டை நீதான் எனக்குச் செய்து கொடுத்தாய். நூற்றுப் பன்னிரண்டு மருந்துக்கடைகள் தங்கள் இருப்பை அதில் போடுகின்றன. சாதாரண நாளில் முந்நூறு பேர் பார்த்தால் அதிகம். ஜூன் பதினான்காம் தேதி ஊரே வந்தது. பதினோரு மணிக்கு, தளத்தை வைக்க சர்வரில் வாடகை இடம் கொடுத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் அதை இழுத்து மூடிவிட்டான். ‘இந்தக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரு வெள்ளைப் பக்கம் மட்டும் இரண்டு நாள் நின்றது. பஸ் கண்டக்டர் ஒருவர் எட்டு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பதினோரு கடை ஏறி இறங்கினார். பன்னிரண்டாவது கடைக்குப் போகிற வழியில் அவளுக்கு வலிப்பு வந்துவிட்டது. மூன்று நாள் எங்கள் வார்டில் கிடந்தாள். அந்தப் பன்னிரண்டாவது கடையில் மருந்து இருந்தது. பட்டியலிலும் இருந்தது. பட்டியலைத்தான் யாரும் பார்க்க முடியவில்லை.

உன்னைக் கூப்பிட்டு நான் அழுதபோது நீ சொன்னது இது: “உன் குட்டி லிஸ்டுக்கு அந்த ஹோஸ்டிங் போதும்னு நினைச்சேன்க்கா.” குட்டி லிஸ்ட்! அதற்குப் பிறகு நான் பேசியதும் நீ பேசியதும் உன் நம்பரை நான் தடுத்து வைத்ததும் இங்கே வேண்டாம், தாள் போதாது.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். இந்த மாதிரித் தளத்தை எங்கே வைத்தால் அந்த நாளில் நிற்கும்? விளம்பரங்களைப் பார்த்தால் எல்லாக் கம்பெனியும் தன்னுடையதுதான் மலை என்கிறது. சர்வர் பார்ப்பது உனக்குத் தொழில். சொல்.

அக்கா


12 பிப்ரவரி

மருந்துக்கடை மகாராணி அவர்களுக்கு,

கடிதத்தை இரண்டு முறை மேஜையில் வைத்தேன். மூன்றாம் முறை எடுத்துப் படித்தேன். நீ சொன்னபடியே நடந்ததில் எரிச்சலாக இருக்கிறது.

முதலில் என் பக்கத்து வழக்கு. ஜூனிலிருந்து உனக்கு மூன்று மெயில் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டவனுக்கு ஒரு ‘ம்’ கூடக் கிடையாது, வேலை என்றதும் மட்டும் வாலு வேண்டுமா? சரி, எழுதித் தீர்த்தாயிற்று. இனி தொழில்.

உன் தளம் இருப்பது ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே சர்வரில் முந்நூறு தளங்கள். பத்துக் குடித்தனம் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிற வீடு என்று வைத்துக்கொள். நீ ஒரு குடத்தோடு போகிறவரை யாரும் கேட்க மாட்டார்கள். நாற்பது குடத்தோடு போய் நின்றால், மற்றவர்கள் தவிக்கக் கூடாதென்று வீட்டுக்காரர் உன் பக்கத்தை அடைத்துவிடுவார். ஜூனில் நடந்தது அதுதான்.

அடுத்தது வி.பி.எஸ். அதே கட்டிடம்தான், ஆனால் நடுவில் சுவர் வைத்த தனிப் போர்ஷன். உனக்கென்று ஒரு குழாய், பக்கத்து வீட்டுக்காரன் என்ன செய்தாலும் உன் பங்கு குறையாது. உள்ளே ஏதாவது ஒழுகினால் நீதான் பார்க்க வேண்டும், அல்லது பராமரிப்புக்கு ஆள் வைத்திருக்கும் கம்பெனியாகப் பார்த்து எடுக்க வேண்டும். டெடிகேட்டட் சர்வர் என்றால் முழு வீடும் உனக்கே, கூரை முதல் கழிவுநீர் வரை தலைவலியும் உனக்கே. கிளவுட் என்பது கூட்டத்துக்கு ஏற்ப அறைகள் கூடிக் குறையும் இடம். அதிலும் எப்போது கூட வேண்டும் என்று முன்னாலேயே சரியாகச் சொல்லி வைக்காவிட்டால் கைவிட்டுவிடும்.

உனக்கு நான் சொல்வது முழு வீடு. நான் வேலை பார்க்கும் சர்வர் அறையில் மூன்றாவது வரிசையில் ஒரு சர்வர் சும்மா இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள். தினமும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அந்தக் குளிரில் நான் நடக்கிற வழி. போகும்போதும் வரும்போதும் அதன் விளக்கைப் பார்த்துக்கொள்வேன். ஒரு லட்சம் பேர் வந்தாலும் அசையாது. நீ ஒன்றும் கவலைப்பட வேண்டாம்.

வாலு


21 பிப்ரவரி

வாலுக்கு,

எனக்கு எந்த மெயிலும் வரவில்லை. பொய் சொல்வதென்றால் கொஞ்சம் பொருத்தமாகச் சொல்.

நான்கு வீடுகளையும் அழகாக விவரித்தாய், இதுவரை எந்த விளம்பரமும் எனக்கு இப்படிப் புரியவைக்கவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குடியிருக்கப் போவது யார் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜூன் தட்டுப்பாட்டின்போது கவுண்டருக்கு வந்தவர்களையும் போனில் கேட்டவர்களையும் ஒரு நோட்டில் கோடு போட்டு எண்ணி வைத்திருக்கிறேன். எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். கூட்டம் மூன்று முறை வரும்: காலை ஒன்பதுக்கு, டாக்டர்கள் வார்டு சுற்றி முடிக்கும் பதினொன்றுக்கு, மாலை ஆறுக்கு. வருகிறவர்கள் தெருவில் நின்றுகொண்டு போனில் பார்ப்பவர்கள், சிக்னல் பாதிதான் இருக்கும். ஒரு பக்கத்தைப் பார்ப்பார்கள், கடையின் பெயரைத் தெரிந்துகொண்டு ஓடுவார்கள். உள்ளே உட்கார்ந்து சுற்றிப் பார்க்கிறவர் யாரும் இல்லை. எழுதுகிறவர்கள் வேறு. அவர்கள் நூற்றுப் பன்னிரண்டு கடைக்காரர்கள் மட்டும், அந்த எண்ணிக்கை எந்தத் தட்டுப்பாட்டிலும் ஏறாது. இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரே வீடுதான் வேண்டுமா என்பது என் முதல் கேள்வி.

இரண்டாவது, ஜூனில் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடினார்களே, இனி அப்படி ஆகாது என்று எப்படி உறுதி செய்வாய்? மூன்றாவது, தளத்தைச் செய்து கொடுத்தபோது, அழிந்தாலும் மீட்கத் தினமும் அதற்குக் காப்பி எடுத்து வைக்கிறேன் என்றாய். அந்தக் காப்பியிலிருந்து எப்போதாவது திரும்ப எடுத்துப் பார்த்தாயா? எங்கள் ஆஸ்பத்திரியில் தீயணைப்புக் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போக விடமாட்டார்கள், வருடத்துக்கு இருமுறை அடித்துக் காட்ட வேண்டும்.

முழு வீடு வேண்டாம். உன் சர்வர் அறையும் வேண்டாம். நீ லீவில் போனால் யார் பார்ப்பார்கள்? நீயும் நானும் மறுபடி சண்டை போட்டால்? எட்டு மாதம் நாம் இருந்த லட்சணத்தைப் பார். ஆளாளுக்கு மூக்கு மேல் கோபத்தோடு இருக்கிற நம்மை நம்பி அந்தக் குழந்தைகளின் மருந்து இருக்கக் கூடாது. இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, உண்மையாகவே பயமாக இருக்கிறது.

இத்தோடு நிறுத்துகிறேன். மணி பத்தே முக்கால், பதினொன்றுக்குத் தாள் ஒட்ட வேண்டும். ஜூனில் ஆரம்பித்த பழக்கம். கேட்கிற ஒவ்வொருவருக்கும் உள்ளே போய் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னால் வரிசை நகராது. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இருப்பைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, மேலே நேரத்தைப் போட்டு, மருந்தகத்தின் கண்ணாடிக் கதவிலும் ஆஸ்பத்திரியின் மூன்று வாசலிலும் ஒட்டிவிடுகிறோம். உள்ளே வராமலே பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தத் தாள் வந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கவே நேரம் கிடைக்கிறது என்கிறாள் என் உதவியாளர்.

அக்கா


2 மார்ச்

அக்கா,

இந்த முறை பட்டப்பெயர் வைக்க வாய் வரவில்லை.

உன் கடிதத்தை ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து படித்தேன். கடைசிப் பத்தி வந்ததும் தலையில் அடித்துக்கொண்டேன், எதிரே சாப்பிட்டவர் தட்டோடு வேறு மேஜைக்குப் போய்விட்டார். நேரே எங்கள் தலைமைப் பொறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இருபத்தாறு வருடமாக சர்வர்களோடு வாழ்கிற அம்மா அவர். யாரையும் லேசில் பாராட்ட மாட்டார். இரண்டு முறை படித்துவிட்டு, “இவங்க எந்தக் கம்பெனியில சர்வர் பாக்குறாங்க?” என்றார்.

“மருந்துக்கடைல அலமாரி பாக்குறாங்க மேடம்” என்றேன். அவர் சிரிக்கவில்லை. உன் மூன்று கேள்விகளையும் தன் டைரியில் எழுதிக்கொண்டார்.

அக்கா, நீ கதவில் ஒட்டுகிற தாளைத்தான் நான் செய்திருக்க வேண்டும். நான் கட்டிய தளம், வருகிற ஒவ்வொருவருக்காகவும் உள்ளே ஓடி, நூற்றுப் பன்னிரண்டு கடையின் இருப்பையும் புரட்டி, புதிதாக ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கிறது. கேள்வி ஒன்றே, பதிலும் ஒன்றே, ஆனால் நாற்பதாயிரம் முறை ஓடுகிறது. எந்த வீட்டில் குடிவைத்தாலும் அதற்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். நான் பெரிய வீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். நீ, ஒரு வரி சர்வர் பாடம் படிக்காமல், ஓட்டத்தையே நிறுத்திவிட்டாய். உண்மையாகச் சொல்கிறேன், பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

புதுத் திட்டம் இது. கடைக்காரர்கள் இருப்பை எழுதுவதற்குச் சின்னதாக ஒரு வி.பி.எஸ்., பராமரிப்புக்கு ஆள் இருக்கிற கம்பெனியில். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு பக்கத்தைத் தயார் செய்யும், மேலே நேரம் போட்டு. அந்தப் பக்கத்தின் பிரதிகள் பல ஊர்ச் சர்வர்களில் இருக்கும். பார்க்க வருகிற கூட்டம் அந்தப் பிரதிகளைப் பார்த்துவிட்டுப் போகும், கடைக்காரர்களின் வீட்டு வாசலை மிதிக்கவே மிதிக்காது. பாதி சிக்னலிலும் திறக்கிற அளவுக்குப் படமில்லாத பக்கம். கம்பெனியை நீயே தேர்ந்தெடு. என்னை விட நன்றாகத் தேர்ந்தெடுப்பாய்.

இனி எழுதக் கை கூசுகிற விஷயம். இடம் மாற்றுவதற்காகப் பழைய ஹோஸ்டிங்கின் கணக்கைத் திறந்தேன். அதற்குள் ஒரு மெயில் பெட்டி இருக்கிறது. தளத்தின் பெயரிலேயே உனக்கென்று நான் உருவாக்கியது. அதற்கு வருவதெல்லாம் உன் போனுக்கு வந்து சேரும்படி ஒரு இணைப்புக் கொடுக்க வேண்டும், அதைக் கொடுக்க மறந்துவிட்டேன். பாஸ்வேர்டையும் உனக்குத் தரவில்லை. அப்படி ஒரு பெட்டி இருப்பதே உனக்குத் தெரியாது. ஹோஸ்டிங் கம்பெனி ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அந்த முகவரிக்குத்தான் சொல்லும். நானும் என் மூன்று மெயிலையும் அங்கேதான் போட்டிருக்கிறேன், உன் கைக்குப் போகிறது என்று நம்பி. நீ பொய் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் தப்பு முழுக்க என்னுடையது.

படிக்காத மெயில் நானூற்று முப்பத்தெட்டு என்று காட்டுகிறது. நான் திறக்கவில்லை. பாஸ்வேர்டைத் தனிச் சீட்டில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படிக்காமலே அழித்துவிட்டாலும் சரி.

வாலு


11 மார்ச்

வாலுக்கு,

திறந்தேன். பெரும்பாலும் குப்பை. ஹோஸ்டிங் கம்பெனியிடமிருந்து ஏழு எச்சரிக்கை.

முதலாவது மே இருபதாம் தேதி. ‘உங்கள் தளத்துக்கு வருவோர் கூடிக்கொண்டே போகிறார்கள், இந்த இடம் போதாது, பெரிய இடத்துக்கு மாறுங்கள்.’ அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலை உயர்த்துகிறது. ஏழாவது ஜூன் பதினான்கு, காலை பத்து நாற்பது. ‘இருபது நிமிடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும், தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.’ தயவுசெய்து என்று இருக்கிறது. அவர்களை எத்தனை திட்டியிருப்பேன்! ஒரு வரி பதில் போட்டிருந்தால் கண்டக்டரின் மகள் விழுந்திருக்க மாட்டாள். உன் மேல் வந்த கோபத்தை எழுதினால் தபால்காரர் தாங்க மாட்டார்.

பிறகு உன் மெயில்களைப் படித்தேன். முதலாவது இரண்டு பக்கச் சமாதானம், அதில் என்னைத்தான் அதிகம் குறை சொல்லியிருக்கிறாய். இரண்டாவது அதில் பாதி. செப்டம்பரில் போட்ட மூன்றாவதில் இரண்டே வரி. ‘அக்கா, அது குட்டி லிஸ்ட் இல்லை. அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள்?’

ஸ்டோர் ரூமில் சலைன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். உதவியாளர் வந்து, எந்த மருந்து காலாவதியாகிவிட்டது என்று பதறிப்போய்க் கேட்டாள்.

ஏழு எச்சரிக்கைக்கான கோபம் இன்னும் இருக்கிறது, அது சட்டென்று போகாது. எட்டு மாத மௌனத்துக்கான கோபம் போய்விட்டது. பெட்டியைத் திறக்காமல் பாஸ்வேர்டை எனக்கு அனுப்பினாயே, நான் உன் இடத்தில் இருந்தால் அந்த மூன்றையும் சத்தமில்லாமல் அழித்துவிட்டு மற்றதை அனுப்பியிருப்பேன். நீ என்னை விட நேர்மையானவன். இதை இன்னொரு முறை சொல்ல மாட்டேன், தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்.

கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். மூன்று கம்பெனிகளுக்கு ஒரே கேள்வியை அனுப்பினேன்: ‘என் தளம் நின்றுபோனால் எனக்கு எப்படிச் சொல்வீர்கள்?’ ஒருவர் பதிலே போடவில்லை. ஒருவர் தள்ளுபடி அறிவிப்பை அனுப்பினார். மூன்றாவது கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். மெயில் அனுப்புவோம், அரை மணியில் பதில் இல்லையென்றால் கூப்பிடுவோம், நீங்கள் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொரு ஆள் உண்டா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே அவர்களைப் பிடித்துக்கொண்டேன். இப்போதைக்கு உதவியாளரின் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் காப்பியிலிருந்து திரும்ப எடுத்துக் காட்டு. அதற்குப் பிறகுதான் நம்புவேன்.

அக்கா


30 மார்ச்

அக்கா,

அழித்தோம். தலைமைப் பொறியாளரும் ஞாயிறு என்று பார்க்காமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் முறை திரும்ப வரவில்லை. காப்பி எடுக்கும் வேலை நான்கு நாளாகப் பாதியிலேயே நின்றுபோயிருக்கிறது, ‘முடிந்தது’ என்று மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. அழிப்பதற்கு முன் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தோம். நீ கேட்காமல் இருந்திருந்தால் ஏப்ரலில்தான் தெரிந்திருக்கும். சரிசெய்து மறுபடி அழித்தோம். பதினான்கு நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு கடையும் திரும்பி வந்தது.

அப்புறம் சோதனைக்காகக் கணினியிலேயே ஒரு லட்சம் பொய் வருகையாளர்களை உருவாக்கி ஒரு மணி நேரத்துக்கு ஏவிவிட்டோம். உன் தாள் எல்லாரையும் வாசலிலேயே பார்த்து அனுப்பிவிட்டது. வி.பி.எஸ். தூங்கி வழிந்தது.

நேற்று சர்வர் அறைக் கதவில் தலைமைப் பொறியாளர் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார். அவர் கையெழுத்தில் ஒரே வரி: ‘திரும்ப எடுத்துப் பார்த்தாயா?’ கீழே ‘மருந்தக அம்மா’ என்று போட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்தவர்கள் யார் அந்த அம்மா என்று கேட்கிறார்கள். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு என் அக்கா என்கிறேன்.

உன் போனில் என் நம்பர் இன்னும் தடையில்தான் இருக்கிறது. முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

வாலு


23 ஏப்ரல்

வாலுக்கு,

தாமதமாக எழுதுகிறேன், ஒரு வாரம் உட்கார நேரமில்லை.

பதினேழாம் தேதி சரக்கு தீர ஆரம்பித்தது. அன்று மதியத்துக்குள் அறுபத்தோராயிரம் பேர். ஒன்பது மணிக்கு என் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், பக்கம் திறந்தது. பதினொன்றுக்குத் திறந்தது. ஆறுக்கும் திறந்தது. மேலே நேரம் இருந்ததால் யாரும் பழைய தகவலோடு அலையவில்லை. முப்பது கடையில் மருந்து தீர்ந்தபோது முப்பதும் பத்து நிமிடத்தில் பட்டியலிலிருந்து போய்விட்டன. தினமும் அப்படித்தான். ஒரு நாளும் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் காலை கண்டக்டர் கவுண்டருக்கு வந்தார். அவர் மருந்து கேட்க வரவில்லை. பையிலிருந்து புது சிரப் பாட்டிலை எடுத்து என்னிடம் காட்டினார்.

“இன்னைக்கு ஒரே கடைதாம்மா” என்றார்.

அவர் மகளும் வந்திருந்தாள். அப்பாவின் விசிலை எடுத்து ஊதி, வரிசையில் நின்ற இருபது பேரையும் திரும்பிப் பார்க்க வைத்தாள். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறாள் என்று செப்டம்பரில் கேட்டிருந்தாய். இப்படித்தான் இருக்கிறாள். ஜூனுக்குப் பிறகு ஒரு முறைகூட வலிப்பு வரவில்லை.

இன்னொரு விஷயம். தளம் நின்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஹோஸ்டிங் கம்பெனியின் படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. முதலாவது நான். இரண்டாவதில் இருந்த உதவியாளரின் நம்பரை நேற்று எடுத்துவிட்டேன். நம்மை நம்பி அது இருக்கக் கூடாது என்று எழுதியவள் நான்தான், மறக்கவில்லை. இப்போது அது நம்மை நம்பி இல்லை, பார்த்துக்கொள்ளக் கம்பெனியில் ஆள் இருக்கிறது, அதனால்தான் இதைச் செய்ய முடிந்தது. உன் நம்பரைப் பார்த்து எழுத வேண்டுமென்று போனில் தேடினேன், தடுத்து வைத்த பட்டியலில் இருந்தது. அங்கிருந்து எடுத்து எழுதினேன். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. தம்பி என்று போட்டேன்.

அவர்கள் கூப்பிட்டால் எடு. ஞாயிறு காலை பத்து மணிக்கு இன்னொரு அழைப்பு வரும், அது எதுவும் நின்றுபோனதற்கு இல்லை. அதையும் எடு.

அக்கா